ஊர் சுற்றிய வலி

காலை ஐந்தரை மணி. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கூண்டு வண்டி. மாடுகளை அவிழ்க்காமலே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தது. வண்டிக்கு முன்னால் ஜவுளிக்கடை அண்ணாச்சி நல்லெண்ணெய்ச் செம்புடன் சாரலில் நனைந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் கடைத்தெரு ஆட்கள் சிலர். எல்லோரும் தென்காசிப் பந்தாட்டக் குழுவுக்காக உயிரை விடுகிறவர்கள். என் மாமாவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போக வந்திருந்தார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். வயது இருபத்திரண்டு. வெறுங்காலால் ஆடுவார். இடது ஓரத்தில் பந்து அவரிடம் வந்துவிட்டால் வெற்றிலை மெல்லுகிறவர்கள்கூட வாயை நிறுத்திவிடுவார்கள். வேகமாக ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிற்பார். மறித்து ஓடி வந்தவன் தாண்டிப் போய்விட்டுத் திரும்புவதற்குள் பந்து கோலுக்குள் கிடக்கும். அந்த நிற்றலைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. பார்க்கக் கிடைத்ததென்னவோ அபூர்வமாகத்தான். ஓர் ஆட்டம் ஆடினால் அடுத்த சில ஆட்டங்களுக்கு வரமாட்டார். ஊரில் அவருக்குச் சாரல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்தாலும் வரும், பொய்த்தாலும் பொய்க்கும்.

ஆட்டம் நடக்கும் நாட்களில், பள்ளிக்கூடம் போகும் என்னைத்தான் கடைத்தெருவில் நிறுத்துவார்கள்.

“ஏட்டி, ஒங்க மாமன் இன்னைக்கு வருதானா?”

“இல்ல. முட்டு வீங்கியிருக்கு.”

அடுத்த ஆட்டத்துக்குக் கணுக்கால் என்றேன். அதற்கடுத்த முறை மணிக்கட்டு என்றேன். அன்றைக்குக் காலில் வீக்கமே இல்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். தெருவே சிரித்தது.

“வலி செங்கோட்டை ரயில்லல்லா ஏறியிருக்குலே! முட்டுல ஏறி மணிக்கட்டுல எறங்கிட்டு!”

“கையில வலின்னா கால்பந்து ஆடுததுக்கு என்ன கேடு?”

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டத்தன்று கடையை அடைத்துவிட்டு வந்து நிற்பவர் அவர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். பக்கத்து ஊர்தான் என்றாலும் வேறு ராஜ்யம். பல வருடங்களாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். அங்கிருந்து துணி எடுக்க வருகிறவர்கள் அண்ணாச்சி கடையிலேயே உட்கார்ந்து, அவர் விரித்துப் போட்ட வேட்டியைப் புரட்டிக்கொண்டே, “சாரல் இந்த வருசமாச்சும் உண்டோ, அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். அவர் முழத்தைச் சரியாகப் போட்டுத் துணியைக் கிழிப்பார்.

அதனால்தான் வண்டி வந்தது. மலையில் மூலிகைகளைத் தொட்டுக்கொண்டு விழும் தண்ணீர் எந்த வலியையும் அடித்துப் போக்கிவிடும் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

அம்மா வாசலை மறித்தாள்.

“ராத்திரி பூரா ஒறங்கல அண்ணாச்சி. மேலு நெருப்பாக் கொதிக்கி.”

“நாளைக்குச் செங்கோட்டைக்காரன் வருதான் தாயி. அருவியில நின்னா காய்ச்சலும் போயிரும், கள்ளமும் போயிரும்.”

மாமா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாட்களாக உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். யாராவது ஆடக் கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடுவதற்காக அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். ‘கள்ளம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார். வண்டியில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன்.

பேரருவி அன்று நிறைந்து விழுந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, இருபுறமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மாமாவை அருவிக்கடியில் நிறுத்தினார்கள். அண்ணாச்சி கட்டிய வேட்டியோடு கூடவே நின்று, மாமாவின் காலைத் தண்ணீருக்குத் தூக்கிக் காட்டினார். மாமாவின் உதடு நீலமாகிப் பல் கிட்டித்தது.

“இப்ப எங்கன வலிக்கி தம்பி?”

“தோள்ல.”

பிடித்திருந்தவர்களில் ஒருவர் கையை விட்டுவிட்டார். “பாத்தீரா அண்ணாச்சி! அருவிக்கடியிலயும் எடம் மாத்துதான்!”

வண்டிக்குத் திரும்பும் அந்தச் சிறிய தூரத்தில் மாமா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி தன் கடைத் துண்டை மடிப்புக் கலைத்து அவர் தலையைத் துவட்டினார். குழந்தைக்குத் துவட்டுவதுபோலத் துவட்டினார்.

மறுநாள் மாலை மாமா ஆடினார். மைதானம் நனைந்து, தோல்பந்து கல்லாகக் கனத்தது. முதல் பாதியில் ஓடினார், நின்றார், கோல் போட்டார். குடைகள் மேலே பறந்தன. அண்ணாச்சி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிற்பாதியில் செங்கோட்டை ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பந்து மீண்டும் மாமாவிடம் வந்தது. எதிரே கோல் காக்கும் கோலி மட்டும்தான். மாமா ஓடினார், சட்டென்று நின்றார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கோலியும் ஏமாறக் கூடாதென்று அசையாமல் நின்றான்.

மாமா கீழே உட்கார்ந்தார். விழவில்லை, சேற்றில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார்.

“எந்திலே! நடிக்காதலே!”

ஒரு செருப்பு வந்து அவர் அருகில் விழுந்தது. அதற்குள் பந்தை எடுத்துப் போன செங்கோட்டைக்காரர்கள் மறுபக்கம் கோல் போட்டுவிட்டார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி குடையை விரிக்காமலே மழையில் வீட்டுக்கு நடந்தார். அதன்பின் எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைத் தெருவில் நிறுத்தி மாமா வருவாரா என்று கேட்பாரும் இல்லை.

அடுத்த மாதம் அம்மா மாமாவைப் பாளையங்கோட்டைக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். என்னையும் அழைத்துப் போனாள். எங்கெங்கே வலித்தது என்று டாக்டர் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். முட்டு, கணுக்கால், மணிக்கட்டு, தோள் என்று வரிசை தப்பாமல் ஒப்பித்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சின்ன வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேட்டார். மாமாவின் காலை அவர் தொடவே இல்லை. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

பிறகு மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இவர் இனிமேல் மாடிப்படி ஏறக் கூடாது என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் மாடி கிடையாது.