பட்டுப்புடவையில் வந்த கூட்டம்

ரயிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பெண் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். வீடு சிங்கப்பெருமாள் கோவிலில், பள்ளிக்கூடம் தாம்பரத்தில். அம்மாவுக்கு வேலை பல்லாவரத்தில், தோல் கையுறை தைக்கும் ஒரு கம்பெனியில். எண்பதுகளின் கடைசி அது. மின்சார ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தோடு திரும்பிவிடும், அதற்குத் தெற்கே மனிதர்கள் வசிப்பதே தெரியாதது போல. காலையில் எங்களுக்கென்று உருப்படியாக இருந்தது ஒரே ரயில். அதை விட்டால் அடுத்தது வந்து சேர்வதற்குள் கம்பெனியில் சங்கு ஊதி கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

அதனால் அம்மா சோறு வடித்து, டிபன் கட்டி, என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாள். தலை மட்டும் பாக்கி இருக்கும். லேடீஸ் பெட்டியில் கீரைக் கூடைக்கும் பூக்கூடைக்கும் நடுவில் என்னைத் தரையில் உட்காரவைத்து, வண்டலூர் வருவதற்குள் இரட்டைப் பின்னல் போட்டு முடிப்பாள். செங்கல்பட்டிலிருந்து வரும் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் எதிர் சீட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதேன்.

“இன்னொரு ரயிலு வுட்டா நான் ஏன்டி அங்க குந்தினு பின்னப் போறேன்?” என்றாள் அம்மா. அவ்வளவுதான், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ரயில் தாமதமாக வந்த நாட்களிலெல்லாம் அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். இன்னொரு தரம் இப்படி வந்தால் வீட்டிலேயே இருந்துகொள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எப்போது எந்த ஊரில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. அம்மாவின் வேலை போனால் அடுப்பு எரியாது என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊர் சீசன் டிக்கெட் ஆண்கள் சேர்ந்து ஒரு பயணிகள் சங்கம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு ரயில் பெட்டியில் வாழைக்கன்று கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை விநியோகிப்பதுதான் அதன் முக்கிய அலுவல். இரண்டாவது காலை ரயில் தேவையா என்று பார்க்க ஒரு பெரிய அதிகாரி அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும், சங்கத்துச் செயலாளர் ரோஜா மாலைக்கும் சால்வைக்கும் ஏற்பாடு செய்யக் கிளம்பினார்.

“மாலையப் பாத்தா ரயிலு வுடுவாங்க? ஜனத்தப் பாக்கணும் சார்” என்று பிளாட்பாரத்திலேயே அவரிடம் சொன்னாள் அம்மா. அப்படியென்றால் ஜனத்தை நீங்களே கூட்டி வாருங்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் அஞ்சூர், திருத்தேரி, கருநிலம் என்று என்னையும் நடத்தியே கூட்டிப்போனாள். ஓட்டுக் கேட்க வந்தவர்களைப் பார்ப்பது போல வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்களிடம்தான் பாடு. அஞ்சூரில் ஒரு அம்மாள், எங்களுக்கு பஸ்ஸே போதும் என்று உள்ளே போகத் திரும்பினார்.

“இன்னிக்கு போதும்க்கா. நாளைக்கு ஒம் பொண்ணு தாம்பரம் காலேஜுக்கு பஸ்ல தொங்கினு போவுமா?”

அந்த அம்மாள் தன் பெண்ணைப் பார்த்தார். வருகிறேன் என்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நிற்பதற்கு என்ன உண்டோ அவ்வளவும் செய்தேன்.

அம்மா எல்லாம் சொன்னாள். எந்தப் புடவையில் வரவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? பெரிய அதிகாரி வருகிறார், வேலைக்குக் கட்டுகிற புடவையிலா போய் நிற்பது? வெள்ளிக்கிழமை காலையில் பிளாட்பாரம் பட்டாய் மின்னியது. தலை நிறைய மல்லிகை, கை நிறைய வளையல். ஆரத்தித் தட்டோடு இரண்டு பேர். அம்மா தன் கல்யாணக் கூறைப்புடவையைக் கட்டியிருந்தாள். எனக்குப் பட்டுப்பாவாடை, குஞ்சலம் வைத்த சடை. கல்யாண வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது, மாப்பிள்ளை ஒருவர்தான் பாக்கி.

அவரும் செங்கல்பட்டிலிருந்து எங்கள் ரயிலிலேயே வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, “என்ன இன்னிக்கு, நரசிம்மருக்கு விசேஷமா?” என்று கேட்டார்.

செயலாளர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆமா சார்” என்றார். அதிகாரிகள் எது சொன்னாலும் ஆமாம் சொல்லியே பழகிய வாய் அது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். “இல்ல சார், கோயிலுக்கு வந்த கூட்டம் இல்ல இது. தெனம் இந்த ரயில்ல வேலைக்குப் போறவங்க சார் நாங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “கல்யாணப் புடவை கட்டிக்கிட்டு எந்த கம்பெனிக்கும்மா போறீங்க?”

பிளாட்பாரமே சிரித்தது. சங்கத்து ஆண்கள் சிரித்தார்கள், அம்மா கூட்டி வந்த பெண்களும் சிரித்தார்கள். ரயில் ஜன்னலில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு வேறு அம்மா வேண்டியிருந்தது.

அதற்குள் ரயில் ஊதியது. “ஏறுங்கடி, கேட்டு சாத்திடுவான்!” என்று அம்மா கத்தினாள். பட்டும் மல்லிகையும் டிபன் தூக்குமாக வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பெட்டிகளை நோக்கி ஓடினார்கள். என்னை உள்ளே திணித்துவிட்டு அம்மா படியில் ஒரு காலை வைத்து ஏறினாள்.

அவள் பையில் என் யூனிபார்ம் இருந்தது. நாலு பெண்கள் முந்தானையைத் திரையாகப் பிடிக்க அதை மாட்டிவிட்டு, குஞ்சலத்தை அவிழ்த்து வழக்கம்போல இரட்டைப் பின்னல் போட்டாள். தனக்கு மாற்றுப் புடவை எடுத்து வரவில்லை. கூறைப்புடவையிலேயே பல்லாவரத்துக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் அன்று முழுக்க, உங்கம்மாவுக்கு மறுபடியும் கல்யாணமா என்று என்னைக் கேட்டார்கள்.

சாயங்காலம் செயலாளர் வீட்டுக்கே வந்தார். ரயில் போனபின், கோயில் இங்கே இருக்க இவர்களெல்லாம் ஏன் ரயில் ஏறிப் போகிறார்கள் என்று அதிகாரி கேட்டாராம். பெட்டியில் இடமில்லாமல் ஏற முடியாமல் போன பெண்கள் தூக்கை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் அழுததைப் பார்த்த பிறகு, அவர் ஒன்றுமே கேட்கவில்லையாம். மாலையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டாராம். “உங்களாலதாம்மா காரியம் ஆகும்போல கீது” என்றார் செயலாளர்.

அம்மா அதைக் கேட்டுப் பெரிதாகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கூறைப்புடவையின் முந்தியில் தோல் சாயம் கருப்பாகப் படிந்திருந்தது. அவர் போனதும் அதை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே, நிமிராமல் என்னைக் கேட்டாள்: “ஒனக்கு ரொம்ப வெக்கமாப் பூடுச்சா?”

நான் பாடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கறையும் போகவில்லை.

சில மாதங்களில் இரண்டாவது ரயில் வந்தது. கேட்டைச் சாத்துவதற்கு முன்பே பல்லாவரம் போய்ச் சேரும் ரயில். அம்மாவின் வேலை பிழைத்தது. சங்கத்தார் எஞ்சினுக்கு வாழைமரம் கட்டி, பொரிகடலையை ஆசை தீரக் கொடுத்தார்கள். அன்று காலையில் அம்மா என்னை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, நிதானமாக, ஒரு முடி பிசகாமல் தலை பின்னிவிட்டாள்.

ஸ்டேஷனுக்குப் போனோம். புது ரயிலின் நடுப்பெட்டியில் என் வகுப்புப் பெண்கள் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். பையை என் தோளில் மாட்டி, “நீ போயி ஒன் ஃபிரண்டுங்ககூட குந்து. நான் கடைசிப் பெட்டில ஏறிக்கறேன். தாம்பரத்துல நீ பாட்டுக்கு எறங்கிப் போ, என்னத் தேடாத” என்றாள்.

நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். புது ரயிலில் எல்லாப் பெட்டியிலும் இடம் இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.