வாலு கிடைத்த நாள்

“பங்குனி, 1974. வாலு கிடைத்தது.” தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் நான் எழுதியிருக்கும் குறிப்பு இவ்வளவுதான். பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. அன்று கை அப்படிப் பறந்தது.

மணவாள நகர் வீட்டில் அப்பாவின் அறையை ஒட்டிப் புதிதாகக் கழிவறை கட்டிக்கொண்டிருந்தோம். இடுப்பெலும்பு முறிந்து எழுந்தவர் அவர். பழைய கழிவறையோ கொல்லையில். ஒவ்வொரு முறையும் நானும் என் மனைவியும் தாங்கிப் போக வேண்டும். மருமகள் தாங்கும்படி ஆயிற்றே என்ற கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

சுவர் எழுந்துவிட்டது. பழைய கழிவறையிலிருந்து செப்டிக் டேங்குக்கு மண்ணுக்கடியில் போகும் பீங்கான் குழாயோடு புதுக் குழாயைச் சேர்ப்பதுதான் பாக்கி. பழைய கழிவறை அருகே தோண்டிய மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார்.

“பழைய பைப்பு மேலாக்கா கீது சார். வாலு வரல. தண்ணி திரும்பி ஊட்டுக்குள்ளயே வரும்.”

அவர் ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவை, நாம் வாட்டம் என்பதை, தெலுங்கில் வாலு என்பார்கள். ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த அப்பா பிடித்துக்கொண்டது வேறு வாலை.

“வால் வரலன்னா தலைமாட்டுல ஏன்யா தோண்டிக்கினு கீற? டேங்க் பக்கம் போ. வால் அங்கதான இருக்கும்!”

“நைனா, வாலுன்னா மாட்டு வாலு இல்ல…”

“இன்னா வாலோ, தோண்டுய்யா!”

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவர் மனம் கோணக் கூடாதே என்றுதான் மேஸ்திரி டேங்க் ஓரம் கடப்பாரையைப் போட்டார். இடுப்பளவு இறங்கியதும் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், அங்கே தாழ்ந்து போயிருந்த பழைய குழாயில் ஒரு கிளை! வாய் வீட்டைப் பார்த்திருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்திருந்தார்கள். நூல் பிடித்து மட்டம் பார்த்த மேஸ்திரி, “வாலு கீது சார்! சூப்பரா கீது!” என்று குழிக்குள்ளேயே குதித்தார்.

இணைப்பு இறுகியதும் புது அறையில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினேன். டேங்க் மூடியைத் திறந்து குனிந்திருந்த என் மனைவி, “வருது! நீலமா வருது!” என்று போட்ட கூச்சலில் எதிர்வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு தனியாகவே போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் சமையலறையில் நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் கைதட்டினோம்.

அந்தக் கிளையை விட்டுவைத்தது யார்? வீட்டை எங்களுக்கு விற்றவர்தான், பிற்பாடு வீட்டோடு ஒரு கழிவறை கட்டுவதற்காக வைத்திருப்பார் என்றார் மேஸ்திரி. விற்றவர் ஊரை விட்டுப் போயிருந்ததால் கேட்க முடியவில்லை. இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல் இது.