அகலக் கழுத்து கிதார்

கிதார் கடையில் மகளின் விரல்கள் மேல்தந்தியை எட்டவில்லை. "என்னடி கை இது, கோழிக்கால் மாதிரி?" என்றேன். அது அப்பாவின் பேச்சு.

எழுபதுகளில், சேக்காட்டில் இருந்த எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்ததும், அப்பா தன் அகலக் கழுத்து கிதாரை என் மடியில் வைப்பார். எட்டி அழுத்தும்போது விரல் பக்கத்துத் தந்தியில் பட்டு ஒலி செத்துவிடும். "கையா இது? கோழிக்காலாட்டம் கீது!" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வேன். கிதாரை யாரும் குறை சொன்னதில்லை.

கடைக்காரர் வேறொரு கிதாரை நீட்டினார். "கை நல்லாத்தான் கீதும்மா. அந்த கிதார்ல வெரல் வெக்கிற கழுத்துதான் அகலம். இது ஒடுக்கம், புடிச்சுப் பாரு பாப்பா."

மகள் அதைத் தொடவில்லை. அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.