வாசல்படியில் ஒரு பிரமிடு

என் மகள் நாலாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளி நூலகத்திலிருந்து பிரமிடுகளைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புரட்டிவிட்டு அத்தோடு மறந்துபோனாள். பிடித்துக்கொண்டு விடாதவன் நான்தான்.

நாகர்கோவிலில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மனைவி நர்ஸ். அவளுக்கு ஜெர்சி சிட்டியில் வேலை கிடைத்தது, அவள் பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். எண்பதுகளில் எங்கள் சர்ச்சில் அப்படி வந்த புருஷன்மார் கொஞ்சம் பேர் இருந்தோம். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. இங்கிலீஷ் பேச்சு காதில் விழுந்து விழுந்து ஓரளவு பழகிவிட்டது. வாசிப்பு மட்டும் எழுத்துக்கூட்டித்தான். ஆகவே அந்தச் சின்னப்பிள்ளைப் புத்தகம் எனக்குச் சரியான அளவு.

பிரமிடைக் கட்டியது இஸ்ரவேல் அடிமைகள் என்றுதான் ஊரில் ஞாயிறு பள்ளியில் கேட்டிருந்தேன். ஆனால் அந்தக் கதையில் அவர்கள் மிதித்து அறுத்தது செங்கல். படத்தில் இருப்பதோ கல். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு. ஆற்றில் வெள்ளம் வந்து வயலெல்லாம் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் விவசாயிகள் ராஜாவின் வேலைக்கு வந்திருக்கலாம் என்றது புத்தகம். செம்பு உளியால் கல்லை வெட்டினார்கள். மரச்சட்டத்தில் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்தார்கள். மண்ணைக் கொட்டிச் சரிவுப் பாதை போட்டு மேலே கொண்டுபோனார்கள். இதுவரை எனக்குப் புரிந்தது.

அதற்கு மேல்தான் தூக்கம் கெட்டது. உச்சிக்குக் கல் போக வேண்டுமானால் சரிவும் அவ்வளவு உயரம் வர வேண்டும். அவ்வளவு உயரமான சரிவு எவ்வளவு தூரத்தில் தொடங்கும்? பிரமிடுக்குப் பட்ட பாட்டை விடச் சரிவுக்கு அதிகம் பட்டிருப்பார்களே! வேலை முடிந்ததும் அந்த மண்ணையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஏறியிருக்கலாம் என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். அப்படியானால் மூலையில் எப்படித் திருப்பினார்கள்?

இன்னொரு படம். பெரிய சிலை ஒன்றைச் சட்டத்தில் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். சிலையின் பாதத்தருகே ஒருவன் நின்று ஜாடியிலிருந்து முன்னால் தண்ணீர் ஊற்றுகிறான். தரை வழுக்கிச் சட்டம் சுலபமாக நகர்வதற்கு என்று சிலர் சொல்கிறார்கள், அது சாமிக்குச் செய்யும் சடங்கு என்று சிலர் சொல்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அச்சடித்த புத்தகம் தெரியாது என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

"இழுக்கிறவங்க எல்லாரும் முன்னால நிக்காங்க. கயிறு அறுந்தா பின்னால நிக்கிறவன் கதி?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"செத்து எத்தனையோ ஆயிரம் வருசம் ஆன ஆளுக்கும் சேத்து விசாரப்படுதியளே," என்றாள் அவள். "கறி அடுப்புல கெடக்கு, தீயக் கொறைங்க."

அந்த மார்கழியில்தான் பியானோ வந்தது.

எங்கள் சர்ச் ஹாலைப் புதுப்பிக்கப் போகிறார்கள், மூலையில் கிடக்கும் பழைய பியானோ யாருக்கு வேண்டுமானாலும் இலவசம், சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் குப்பை லாரியில் போய்விடும் என்று ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள். என் மகள் ஒவ்வொரு வாரமும் ஆராதனை முடிந்து பெரியவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பவள். அறிவிப்பைக் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். புதுப் பியானோ எங்கள் கைக்கு எட்டுகிற சாமான் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு நடைபாதையிலிருந்து நேராக ஒரு செங்குத்தான கல்படிக்கட்டு. ஏறினால் எங்கள் கதவு. படிக்குக் கீழே, பாதி நிலத்துக்குள் இறங்கின வீட்டில் மெட்ராஸ்காரர் ஒருவர் இருந்தார். இஞ்சினியர், மன்ஹாட்டனில் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை. இன்னொரு சிநேகிதர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் சர்ச்சுதான். வேனில் மளிகைச் சாமான் ஏற்றி வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தார். இந்த இரண்டு பேரிடமும்தான் சொன்னேன்.

"ஐசே, இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடுறீர்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "என்ரை வான் இருக்குது. பலசரக்கு ஏத்துறன், பியானோ ஏத்த ஏலாதோ?"

"வேன் ஓகே சார். படிக்கட்டுதான் ப்ராப்ளம்," என்றார் இஞ்சினியர். "அத நேரா தூக்கினா நம்ம மூணு பேரு முதுகும் காலி. பலகை போட்டு ராம்ப் பண்ணிடலாம். நீங்கதான் டெய்லி பிரமிட் பிரமிட்னு என் உயிர எடுக்கறீங்களே, இப்ப கட்டிக் காட்டுங்க."

சனிக்கிழமை காலையிலிருந்தே வானம் சாம்பல் நிறமாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் பனி விழும் என்று ரேடியோ சொன்னது. பியானோவுக்கு ஈரம் ஆகாது என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அதுவும் என் கணக்கில் சேர்ந்துகொண்டது. படி உடைந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வார், கயிறு அறுந்தால் யார் மேல் விழும், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் வீட்டிலேயே ஆம்புலன்ஸ் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன்.

சர்ச் ஹாலில் சபை ஆட்கள் கை கொடுத்ததால் வேனில் ஏற்றியது சுலபமாக முடிந்தது. வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேர்தான். பக்கத்துத் தெருவில் கட்டட வேலை செய்தவர்களிடம் இரவல் வாங்கிய கனமான பலகைகளைப் படியின் மேல் நீளவாக்கில் சாய்த்தோம். பியானோவின் சக்கரங்களில் ஒன்று உடைந்திருந்தது. அதனால் அதைக் கம்பளியால் சுற்றி, இஞ்சினியர் வீட்டுப் பின்புறம் கிடந்த ஒரு பழைய கதவின் மேல் ஏற்றிக் கட்டினோம். கதவுதான் எங்கள் சட்டம். கயிறு வாசல் வழியாக உள்ளே போய், மாடிக்கு ஏறும் படியின் அடித்தூணைச் சுற்றி வந்தது. "ரெண்டு சுத்து போட்டா கை நழுவினாலும் கயிறு பிடிச்சுக்கும்," என்றார் இஞ்சினியர். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனாலும் பின்னால் நான்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரையாவது அங்கே நிறுத்திவிட்டு முன்னால் நின்று பார்க்க என்னால் முடியாது.

அவர்கள் இருவரும் இழுத்தார்கள். நான் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கடப்பாரையால் நெம்பினேன். கதவு பலகையில் ஏறியது. கொஞ்சம் போய் நின்றது. மறுபடி இழுத்தார்கள். கரகரவென்று சத்தம்தான் வந்தது.

"வழுக்க ஏதாவது போடோணும்," என்ற யாழ்ப்பாணத்துக்காரர் வேனுக்கு ஓடி ஒரு டின் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தார். டின்னுக்குள் எண்ணெய் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி உறைந்திருந்தது. என் மனைவி அதை அடுப்பில் உருக்கிக் கொடுத்தாள். அவர் கொண்டுவந்து பலகையில் தாராளமாக ஊற்றினார். ஊர் வாசனை தெருவெல்லாம் பரவியது. நாயை நடத்திக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரம்மா நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனாள்.

எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காலம் முழுக்கத் தேங்காயெண்ணெய் பாட்டிலை ஹீட்டர் மேல் வைத்து, இளகின பிறகுதான் தலைக்கு எடுக்கிறோம். அன்றைக்குக் காலையிலும் எடுத்துத் தேய்த்திருந்தோம். அப்படியும் எங்களில் ஒருத்தருக்கும் அது மண்டையில் ஏறவில்லை.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. பியானோ சொல்லி வைத்தது போல வழுக்கிக்கொண்டு ஏறியது. பாதிப் படியில், மூச்சு வாங்கிக்கொள்வோம் என்று கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். அங்கே பிடித்தது வினை.

"ஆங்கிள் ரொம்ப ஸ்டீப் சார். பலகைய இன்னும் வெளிய இழுத்தா லோட் கம்மியாகும்," என்றார் இஞ்சினியர்.

"பியானோவை நடுவழியிலை விட்டிட்டுப் பலகையை இழுக்கிறதோ? விசர்க்கதை கதையாதையும்!"

"விசர்னா?"

"உம்மடை கதைதான்."

அவர்கள் வாக்குவாதம் பண்ணி முடிப்பதற்குள் எண்ணெய் உறைந்துவிட்டது. மறுபடி இழுத்தபோது பியானோ அசையவே இல்லை. கதவுக்கும் பலகைக்கும் நடுவில் மெழுகு ஊற்றி ஒட்டின மாதிரி பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தார்கள். உள்ளே தூண் முனகியது. நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். முதல் பனித்துகள் அப்போதுதான் கம்பளியின் மேல் வந்து விழுந்தது.

மேலே நிமிர்ந்தேன். ஜன்னல் கண்ணாடியில் மகளின் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டியிருந்தன. நடுவில் மூக்கு. கீழே இறக்கிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இறக்கினால் அது வேனில் ஏறி எங்கே போகும் என்று தெரிந்ததால் சொல்லாமல் இருந்தேன். கம்பளியின் மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்தினேன். அது ஒன்றுதான் அப்போது எனக்குச் செய்யத் தெரிந்தது.

வாசலில் என் மனைவி வந்து நின்றாள். கையில் இட்லிப் பானை, பிடிதுணி சுற்றி, ஆவி பறக்க.

"எண்ணெய் பிடிச்ச பாத்திரத்தை எதுல கழுவுவாங்க?" என்றாள். "தள்ளி நில்லுங்க, மேல தெறிச்சிரும்."

கதவின் முன் விளிம்பில் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தண்ணீர் பலகையோடு வழிந்து கதவுக்கு அடியில் புகுந்தது. ஆவி எழும்பிப் பியானோவே மறைந்துவிட்டது. "இப்ப இழுங்க!" என்றாள். இழுத்தார்கள். உள்ளே எங்கோ ஒரு கம்பி அதிர்ந்து தாழ்ந்த குரலில் 'ம்ம்' என்றது. பியானோ நகர்ந்தது. அவள் ஒரு படி பின்னால் வைத்து ஊற்ற, அது ஒரு படி ஏற, அவள் மறுபடி பின்னால் போய் ஊற்ற, நான் கீழே கடப்பாரையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் படத்தைத்தான். பாரத்துக்கு முன்னால் நின்று தண்ணீர் ஊற்றும் ஆள். ஆணுக்குப் பதில் ஸ்வெட்டர் போட்ட என் மனைவி. ஜாடிக்குப் பதில் இட்லிப் பானை. சிலர் சொன்னதும் சரி, வேறு சிலர் சொன்னதும் சரி என்று எனக்குத் தோன்றியது. பலகை வழுக்கத்தான் அவள் ஊற்றினாள். ஆனால் ஊற்றும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம்தான், எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஐசே! கனவு காணுறீரோ? நெம்பும்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நெம்பினேன்.

பியானோ நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனதும் மகள் கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தாள். பத்து விரலாலும் ஒன்றாக அழுத்தினாள். சுருதி என்று ஒன்றும் இல்லை. "தேங்க் யூ அப்பா" என்று அவள் சொன்னது அந்தச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அவளுக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது. நான் வெளியே போய், ஊற்றின தண்ணீர் படியில் உறைந்து யாராவது விழுந்துவிடுவார்களே என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பை வாரி இறைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பலகைகளைத் திருப்பிக் கொடுத்தோம். கதவு மறுபடி வீட்டின் பின்புறம் போயிற்று. இரவில் விழுந்த பனி படியை மூடிவிட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்து சபை ஆட்கள் சிலர் வந்தார்கள். படியைப் பார்த்தார்கள், பியானோவைப் பார்த்தார்கள். "இதை எப்படி மேல ஏத்தினிய?" என்று கேட்டார்கள்.

"எல்லாம் ஆங்கிள்தான் சார்," என்றார் இஞ்சினியர். "அந்தத் தூண்ல ரெண்டு சுத்து போட்டேன் பாருங்க."

"தூணும் மண்ணாங்கட்டியும்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "என்ரை தோளைப் பாருங்கோ, தழும்பு. எண்ணெய் போட்டபடியாலைதான் அசைஞ்சது."

"வெந்நீர் ஊத்துனேன், வந்துட்டு," என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

கேட்டவர்கள் மூன்று பக்கமும் தலையை ஆட்டினார்கள். நேற்று நடந்தது. செய்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். சரிவுப் பாதை போன இடம் தெரியவில்லை. நான் மகளின் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அந்த வாரமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவள் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

"என்ன யோசிக்கிறீங்க சார்? அதான் ஏத்தியாச்சே," என்றார் இஞ்சினியர்.

"இல்ல, வீடு மாறினா எப்பிடி இறக்குறது?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எகிப்துக்காரர்களுக்கு அந்தக் கவலை மட்டும் இருந்திருக்காது.