சாவி கொடுத்த கை

என் அண்ணன் கப்பலில் தலைமை இன்ஜினியர். விடுமுறைக்கு வந்தபோது தன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி என் கணவருக்குக் கட்டிவிட்டார். டைட்டானியம் உடம்பு, பேட்டரி கிடையாது, கடலுக்கடியில் முந்நூறு மீட்டர் ஆழத்திலும் ஓடுமாம். எங்கள் சிவகாசியில் குழாய்த் தண்ணீர் எட்டிப்பார்ப்பதே வாரத்துக்கு ஒருநாள்தான். இவர் போய் எந்தக் கடலில் குதிக்கப் போகிறார் என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

என் கணவருக்குப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. பூச்சட்டியில் வெள்ளைப் பொறி பறக்க அவர்கள் சேர்ப்பதும் இதே டைட்டானியத்தின் தூளைத்தான். "நாங்க சல்லடையில சலிக்கிறத ஒங்க அண்ணன் என் கையில கட்டிவிட்டுட்டாக" என்று சிரிப்பார். வாட்ச், செல்போன், பெல்ட் எதுவும் ஆலைக்குள் போகக்கூடாது. கேட்டிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் பகல் முழுக்க அது வாட்ச்மேனின் பெட்டியில் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பார். என்னை ஒருநாளும் அப்படிக் கவனித்ததில்லை.

கலப்பு அறையில் தீப்பிடித்த அன்று உடன் இருந்தவர் இறந்துபோனார். இவர் இரண்டு கையும் வெந்து பிழைத்தார். நான் நர்ஸ், வெந்த உடம்புகளை இந்த ஊரில் எத்தனையோ பார்த்தவள். ஆனாலும் அந்தக் கைகளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வாட்ச்மேன் அந்த வாட்சைக் கர்சீப்பில் சுற்றி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். புண் ஆறினாலும் வலது கை விரல்கள் விறைத்துப்போய், நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. சோற்றை நான்தான் ஊட்டினேன். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை மூலையில் வீசிவிட்டார். அப்படியே விட்டால் கை இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாட்ச் கையில் இருந்தால் கை ஆடும் ஆட்டத்திலேயே ஓடும். சும்மா கிடந்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். புதுத் தோலில் பட்டை உரசக்கூடாது என்பதால் கட்ட வழியில்லை. ஓட வைக்க, பக்கவாட்டில் இருக்கும் குமிழைத் திருகித் திறந்து, சாவி கொடுத்து, மறுபடி அழுத்தித் திருகி மூட வேண்டும். சரியாக மூடாவிட்டால் ஈரம் உள்ளே போய்விடும். அது நின்று கிடப்பதை இவரால் பார்க்க முடியவில்லை. என்னைச் சாவி கொடுக்கச் சொன்னார்.

"வேணும்னா நீங்களே குடுங்க, வலது கையால" என்றேன்.

என்னைத் திட்டினார். வலியில் வேர்த்து ஊற்றியது. குமிழ் அசையவே இல்லை. நான் இரக்கம் காட்டவில்லை. தினமும் வாட்சை எடுத்து மடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வினாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்று மதியம் அவரே பிசைந்து சாப்பிட்டார்.

கொஞ்ச நாளில் ஆலை போர்மேன் பார்க்க வந்தார். இவர் சாவி கொடுப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"கை நல்லா மடங்குதே, அண்ணாச்சி. சீசன் ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. கலக்க ஆளில்ல."

"அவுக வரமாட்டாக" என்றேன் நான்.

இவர் குமிழை மூடிவிட்டு விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டார். "திங்கக்கெழம வாரேன்" என்றார்.

போர்மேன் போனதும் சண்டை போட்டேன். மன்றாடினேன். அவர் குரலே உயர்த்தவில்லை.

"கை வெளங்காதவனா இருந்தா வீட்டுல கெடக்கலாம். வெளங்கிருச்சுல்ல. இந்தக் கைக்கு வேற என்ன வேல தெரியும்?"

அந்தக் கை விறைத்தே கிடந்திருந்தால் யாரும் அவரைக் கூப்பிட வந்திருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அவரே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் சாப்பாட்டுத் தூக்கை நீட்டினேன். வலது கையால் வாங்கிக்கொண்டு போனார்.