தம்பிக்கு வைத்த படையல்

குணசுந்தரிக்கு உட்காரத் தெரியாது. கூலிம் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வருவாள். திகாம் பத்து என்ற ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்தும் சோற்றை நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். டிவி பார்ப்பதும் நின்றபடிதான். "உக்காந்து சாப்புடேன்லா, நாக்காலி என்னா வாடகையா கேக்குது" என்று கேட்டுக் கேட்டு அவள் புருஷன் முருகையா ஓய்ந்துபோனார். ஐம்பத்திரண்டு வயதாகியும் அவள் ஓயவில்லை.

அப்படிப்பட்டவளிடம் ஒரு குறிப்புச் செயலியைப் பழக்கிவிட்டால் என்ன ஆகும்? பழக்கியவள் காஞ்சனா. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி.

"போன்ல படம்லாம் குப்பை மாதிரி கெடக்குதுக்கா. இதுல தலைப்பு போட்டு, படத்த உள்ள வச்சு, கீழ என்னா வேணும்னாலும் எழுதிக்கலாம். பேர தட்டுனா வந்துரும்."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இரண்டு வருஷமாக விடவில்லை. கல்யாணத்துக்கு ஒரு குறிப்பு, காதுகுத்துக்கு ஒரு குறிப்பு, பிறந்து வளர்ந்த எஸ்டேட்டுக்குத் தனியாக ஒன்று. அந்த எஸ்டேட்டை அழித்து வீடு கட்டிவிட்டார்கள். இப்போது அது இருப்பது அவள் போனில்தான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் யார், எங்கே, எந்த விசேஷம், அன்றைக்கு யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரை எழுதுவாள். சொந்தத்தில் யாருக்குப் பழைய படம் வேண்டுமானாலும் குணாவுக்குத்தான் போன் வரும். அவளும் ஒரு நொடியில் தேடி அனுப்புவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு குறிப்பில் மட்டும் படம் இருக்கும், எழுத்து இருக்காது. அதன் தலைப்பு 'தம்பி'.

தம்பி சுகுமாரன் கண்டெய்னர் லோரி ஓட்டுபவன். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா வீரசாமி செத்துப்போனபோது அவன் தெற்குக் கோடியில் ஜொகூரில் இருந்தான். சேதி கேட்டதும் கிளம்பிவிட்டான். ஆனால் ஹைவேயில் ஜாம். மின்சுடலையில் அன்றைக்குக் கொடுத்த நேரத்தை விட்டால் மறுநாள்தான் என்றார்கள். பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். கடைசியில், "காத்திருக்க வேணாம், எடுத்துரலாம்" என்று சொன்னது குணசுந்தரி. பெரியப்பா மகன் காளிதாசன் கொள்ளி வைத்தான். ஒரே மகன் வந்து சேர்ந்தபோது கூட்டம் சுடலை வாசலைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. காளிதாசனின் மொட்டைத் தலையை அவன் பார்த்தான். வந்த காடியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனவன்தான்.

குடும்ப வாட்சப் குழுவிலிருந்து விலகினான். அக்கா அனுப்பும் சேதிகள் ஒற்றை டிக்கோடு நின்றன. அவள் செய்தது தப்பா? அப்பாவை இன்னும் ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்க முடியுமா? இதை அவள் தினமும் தனக்குத் தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். பதில் சரியாகத்தான் வரும். மனசுதான் ஆறாது. அப்போதெல்லாம் 'தம்பி' குறிப்பைத் திறந்து, மேலே இருக்கும் படத்தைக் கீழே வைப்பாள், கீழே இருப்பதை மேலே வைப்பாள். எழுத மட்டும் ஒன்றும் வராது.

தீபாவளிக்கு முந்தைய நாள் படையல். செத்துப்போனவர்களின் படங்களை வைத்து, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து வைத்துக் கும்பிடும் நாள். சட்டம் போட்ட படங்கள் ஆளுக்கொரு வீட்டில் கிடந்தன. அதனால் இந்த வருஷம் குணசுந்தரிக்கு ஒரு யோசனை. எல்லாரையும் ஒரே குறிப்பில் சேர்த்து இணைப்பை அனுப்பிவிட்டால், அவரவர் வீட்டில் டிவியில் போட்டுக் கும்பிடலாமே.

அம்மாவுக்குப் படம் இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது. அப்பாவுக்குத்தான் தகராறு. அவர் சிரித்த ஒரே படத்தில் பக்கத்தில் சுகுமாரன் நிற்கிறான். அவன் முதன்முதலாகப் புது மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று எடுத்தது. அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறான். உயிரோடு இருப்பவன் முகத்தைப் படையலில் வைக்கலாமா? கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எனவே, படையல் நாளன்று காலை சிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் படத்தை இரண்டாக வெட்டினாள். அப்பா பாதி படையலுக்கு. தம்பி பாதியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, அதையும் சேமித்தாள். எவ்வளவு ஒட்டி வெட்டியும் அப்பாவின் தோளில் அவன் விரல்கள் மட்டும் தங்கிவிட்டன. அது என்ன விரல்தானே என்று விட்டுவிட்டாள்.

படங்களைக் குறிப்பில் ஏற்றிவிட்டு, "இந்த வருஷப் படையல். இவங்களை நினைச்சுக் கும்பிடுங்க" என்று மேலே எழுதினாள். கம்பெனி வாசல் வந்துவிட்டது. குடும்பக் குழுவுக்கு இணைப்பைத் தட்டிவிட்டு, போனை லாக்கரில் வைத்துப் பூட்டிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தால் திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் இன்னொன்று அடித்தது. குருனில் இருக்கும் மருதம்மாள் அத்தை. எடுத்ததும் ஒப்பாரிதான்.

"ஏன்டி குணா, பெத்த புள்ளையாட்டம் தூக்கி வளத்தேனே அவன. எப்போ ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாருக்கு அத்த? என்னா ஆச்சு?"

"சுகுமாரனுக்குத்தான். லோரியிலயா போயிட்டான்?"

குணசுந்தரி லாக்கர் கதவில் சாய்ந்தாள். நான் கும்பிடாத சாமி இல்லையே, என் தம்பியைக் கொண்டுபோயிட்டியே என்று நெஞ்சு கதறியது. பக்கத்தில் வந்த காஞ்சனா தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் குணசுந்தரியால், "யாரு அத்த சொன்னா" என்று கேட்க முடிந்தது.

"யாரு சொன்னான்னா கேக்கற? நீதானடி காலையில போட்டிருக்க."

போனைக் காதிலிருந்து எடுத்துக் குறிப்பைத் திறந்தாள். அம்மா, பெரியப்பா, அப்பா. விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அப்பாவுக்குக் கீழே, புது மோட்டாரின் பக்கத்தில், பல்லெல்லாம் தெரிய சுகுமாரன். வெட்டிய பாதிகள் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் தேடிக் கொடுக்கிற மகராசி செய்த வேலை.

"அத்த, அது தப்பா போட்டுட்டேன். அவன் நல்லா இருக்கான்."

"நல்லா இருக்கான்னு நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. நாலு வருஷமாக யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். அத்தை விடவில்லை. "உசுரோட இருக்கறவன படையல்ல வச்சா ஆகாதுடி. அதுவும் ரோட்டுல பொழைக்கிறவன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். ஆறுதல் சொல்வதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது.

படத்தை நீக்கினாள். குழுவில், "தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதினாள். காளிதாசனுக்கு அடித்தாள். அலோர் ஸ்டாரில் மளிகைக் கடை வைத்திருப்பவன், தீபாவளி வியாபாரம், எடுக்கவில்லை. மணி அடித்துவிட்டது. போனை மறுபடியும் லாக்கரில் போட வேண்டியிருந்தது.

அந்த மிச்ச நேரம் எப்படிப் போனது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கை வேலையைச் செய்தது. மனசு ஹைவேயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு வளைவில் ஒரு லோரி போகிறது, மழை பெய்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. இல்லை, அப்படி ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் அதே வளைவு. படத்தைத் தவறிப் போட்டதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அறிவு கேட்டது. அறிவு கேட்டதற்கெல்லாம் மனசு அடங்கினால் மனுஷனுக்குக் கஷ்டமே இல்லையே.

சிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் காளிதாசன் கூப்பிட்டான்.

"அக்கா, பயப்படாத. அவன் நல்லாத்தான் இருக்கான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கடை இரைச்சலிலிருந்து விலகி வந்து குரலைத் தாழ்த்தினான். "போன வாரம்கூட வந்து சாமான் எடுத்துட்டுப் போனான். பட்டர்வொர்த்துலதான் இருக்கான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்க்கா."

பட்டர்வொர்த். ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். ஜொகூர், சிங்கப்பூர் என்று அவள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் கண்ணீர் வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. கொள்ளி வைத்தவனோடு பேசுகிறான், அக்காவோடு பேச மாட்டானாமா?

"நம்பரக் குடு."

"அவன கேக்காம குடுக்க முடியாதுக்கா. ஆனா அவனும் அந்தப் படத்த பாத்துட்டான். யாரோ அனுப்பியிருக்காங்க."

வீட்டில் முருகையா ஆட்டுக்கறியைக் குழம்பாக்கி வைத்திருந்தார். அப்பாவுக்குப் பிடித்த கருவாடும், ஒரு டின் ஸ்டவுட் பீரும் தயார். குணசுந்தரி குளித்து, வாழையிலை விரித்து, பரிமாறிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"அக்கா, யாரு எனக்குப் படையல் போட்டது?"

கரண்டி கையிலேயே நின்றது. "தம்பி" என்றாள்.

"எல்லாரும் ஆவி பேசுறாப்ல பயப்படுறாங்க. ஒரு ஆளு போன போட்டுட்டு, நான் அலோன்னதும் வச்சிட்டாரு."

"தெரியாம நடந்துருச்சுடா. கை தவறிப் போச்சு."

"அது பரவால்ல. செத்தவன்னு நெனச்சாச்சும் நாலு பேரு அழுதாங்களே." குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு இல்லை. "அப்பா பக்கத்துல நின்னவன ஏன்க்கா வெட்டுன?"

"உசுரோட இருக்கறவங்கள வைக்கக் கூடாதுல்ல."

"தெரியும். இருந்தாலும் கேக்குறேன். அன்னிக்கும் நீதான் வெட்டி விட்ட. இன்னிக்கும் நீதான். அவரு தோள்ல என் கை இன்னும் இருக்குக்கா. அத என்னா பண்ணப் போற?"

நாலு வருஷமாகச் சரியாக வந்த பதில் ஒன்றுகூட அப்போது அவளுக்கு வரவில்லை. அன்றைக்கு ஒரு ராத்திரி காத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றியது. ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அதை அவனிடம் அப்படியே சொன்னாள். "காத்திருந்திருக்கணும்டா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ வந்து சூடம் ஏத்து. நீ வராம நான் ஏத்த மாட்டேன்."

"நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே" என்றான். லைன் நின்றுவிட்டது.

முருகையா நேரத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "சோறு ஆறுதுலா. அவன் வராட்டி?"

"வராட்டி ஆறட்டும்."

அவர் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் சூடம் ஏற்றிக் கும்பிட்டு முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் பட்டாசு கொளுத்த ஆரம்பித்தார்கள். குழம்பின் மேல் எண்ணெய் உறைந்து படிந்தது. அந்த நம்பருக்கு அடித்துப் பார்க்கலாமா என்று போனை எடுத்தாள், வைத்தாள். கெஞ்சினால் வருவான் என்றால் கெஞ்சலாம். கெஞ்சி ஒருவேளை வராமல் போனால்? போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். முருகையா பசியை அடக்க ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அதையும் சத்தமில்லாமல் கடித்தார், பாவம்.

போன் அடித்தது.

"அக்கா, திகாம் பத்து சிம்பாங்ல, ரோடு பிரியற எடத்துல நிக்கிறேன். நீங்க மாறி வந்த வீடு எனக்குத் தெரியாது. எந்த லோரோங்ல திரும்பணும்?"

மூணு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டின் நம்பர் அவள் வாயில் வரவில்லை.

"அங்கயே நில்லுடா. நான் வர்றேன்" என்றாள். முருகையாவைப் பார்த்து, "சூடத்த யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் இருட்டில் இறங்கி நடந்தாள்.