நடுவில் நின்றவன்

என் மகளின் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லாத படம் தேடினாலும் கிடைக்காது. மணமக்களுக்கு நடுவில் விறைப்பாக நின்றுகொண்டிருப்பேன். அது காதல் கல்யாணம். சம்மதித்துவிட்டேனே தவிர, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் என்ன பேசுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். போட்டோகிராபர் மாப்பிள்ளையின் கையை எடுத்து அவள் தோளில் வைக்கப் போனபோது கத்தியேவிட்டேன்.

"சினிமா போஸெல்லாம் வேணாம்பா. தள்ளி நிக்க வச்சு எடு."

மகள் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போக மாப்பிள்ளை விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள். படங்களைப் பார்த்தால் இவர்கள் கணவன் மனைவியாகத் தெரியவில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். தள்ளி நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்று மகள் முன்பே விளக்கம் கொடுத்திருந்தாளாம். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதை வைத்துத்தான் அவள் அங்கே கோர்ட்டுக்குப் போனாள். வழக்கமாம்! என் வீம்புக்கு அவள் வைத்த மரியாதையான பெயர் அது. கேட்டதும் எனக்கு உடம்பே கூசியது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் வடலூருக்கு ஸ்வீட் வாங்கக் கிளம்பினேன். போனில் தடுத்தாள்.

"அவசரப்படாதீங்கப்பா. கோர்ட் விசா குடுக்காது. அந்த ஆபீசர் முடிவெடுத்த விதம் தப்புன்னுதான் சொல்லியிருக்கு. இன்னொரு ஆபீசர் மொதல்லேருந்து பாப்பாரு. அவரும் முடியாதுன்னு சொல்லலாம்."

"இப்ப என்னம்மா பண்றது?"

"புதுசா போட்டோ குடுக்கலாமாம். லீவு போட்டுட்டு வரேன்."

வந்தாள். குவார்ட்டர்ஸ் வாசலில் இருவரையும் நிறுத்தி, போனை நானே பிடித்தேன். அவர்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் நிற்க இடம் இருந்தது.

"கிட்ட நில்லுங்க" என்றேன். கொஞ்சம் நகர்ந்தார்கள்.

"தோள்ல கை போடுங்க மாப்ள."

அவர் கையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார். இறக்கிவிட்டார்.

"பரவால்ல மாமா, இப்படியே எடுங்க."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் படத்தை எந்த அதிகாரி பார்த்தாலும் அதையேதான் எழுதுவார். வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனைப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் நீட்டினேன்.

"எங்கங்க போறீங்க?"

"தண்ணி குடிச்சிட்டு வரேன். நீ எடு."

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணத்தன்று அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அவர்கள் கூப்பிடும்வரை நான் வெளியே வரவில்லை.